புழு மருந்து கொடுத்தும் நாட்டுக்கோழி தேறவில்லை, மருந்து போலியா?

புதுக்கோழிக்காரன்:
வீட்டுக்குப் பின்னால் 16 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரிக்கு மட்டும் கூண்டு. ஒரு மாதமாக நாலு பெட்டைகள் நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, கொண்டை வெளுத்துவிட்டது, முட்டையும் நின்றுபோச்சு. கடையில் கேட்டு பைப்பரசின் வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தேன், மறுநாள் எச்சத்தில் வெந்த சேமியா மாதிரி விரல் நீளத்துக்கு மூணு புழு கிடந்தது. சரி, தீர்ந்தது என்று இருந்தேன். இன்று காலை பார்த்தால் ஈரம் காயாத எச்சத்தின் மேல் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு மெதுவாக நெளிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

தோப்புவீடு:
மருந்து போலி இல்லை தம்பி. சேமியா மாதிரி வந்தது உருண்டைப்புழு, அதற்குத்தான் பைப்பரசின். குருணை மாதிரி நெளிவது நாடாப்புழுவின் துண்டு, அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. அதற்கு பிராசிகுவாண்டல் மாதிரி வேறு மருந்து வேண்டும், அளவு கோழியின் எடைக்குத் தகுந்த மாதிரி. பைப்பரசினும் வளர்ந்த புழுவைத்தான் வெளியேற்றும், குடல் சுவரில் ஒட்டியிருக்கும் குஞ்சுப்புழு தப்பிவிடும், அதனால்தான் சில வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்கச் சொல்வது. புது எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

சேவல்கட்டு:
தண்ணீரில் கலந்தீர்களே, அந்த நாலும் குடித்தது என்று எப்படித் தெரியும்? நோஞ்சான் கோழியை மற்றது கொத்தி விரட்டிவிடும், அது போய் பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக் குடித்துவிட்டு வரும். நான் அந்தி சாய்ந்து கூண்டில் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து, பையில் போட்டுத் தொங்குதராசில் எடை பார்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகோரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். அவசரப்பட்டு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எனக்கு ஒரு நல்ல பெட்டை அப்படித்தான் போச்சு.

மல்லிகா அக்கா:
எல்லாரும் மருந்தையே பேசுகிறீர்கள். நாடாப்புழு எறும்பு, ஈ, வண்டு வழியாகத்தான் வருது, கோழி அதைக் கொத்தித் தின்னும்போது புழு உள்ளே போகுது. மிச்சச் சோறு கொட்டுகிற இடம் எறும்பாக மொய்த்தால் எத்தனை மருந்து கொடுத்தும் திரும்ப வரும். உருண்டைப்புழு முட்டை வேற கதை, எச்சத்தோடு விழுந்து ஈரத்தில் இரண்டு மூணு வாரத்தில் தொற்றுகிற பதத்துக்கு வந்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். கூண்டுக்கடி எச்சத்தை வாரம் ஒரு தடவை வாருங்கள், கூளம் ஈரமானால் மாற்றுங்கள். குஞ்சைப் பெரிய கோழியோடு ஒரே இடத்தில் விடாதீர்கள், குஞ்சைத்தான் இது அதிகம் வாட்டும். குப்பைமேனியும் வேப்பிலையும் நானும் அரைத்துக் கொடுப்பேன், ஆனால் இந்த அளவு இளைத்த கோழிக்கு அதை நம்பி உட்காரமாட்டேன்.

புதுக்கோழிக்காரன்:
அக்கா, போய்ப் பார்த்தேன். தீவனத் தட்டைத் தூக்கினால் அடியில் எறும்புப் புற்றே இருக்கு! நாளைக்கு மருந்தகம் போகிறேன். மருந்து கொடுத்தபின் மற்ற கோழிகளின் முட்டையைச் சாப்பிடலாமா?

தோப்புவீடு:
மருந்துக்கு மருந்து நாள் மாறும், எழுதித் தரும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுகிற யோசனை இருந்தால் அதையும் சொல்லுங்கள், புழு நீக்கி ஒரு வாரம் விட்டுத்தான் போடுவார்கள்.