புது ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை (ஸ்னோபுளோயர்)

கயிறிழுப்பான்: அவசரம். ஸ்னோபுளோயரின் (பனி அள்ளும் எந்திரம்) எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை நேற்றிரவு மாற்றினேன். பொத்தானை அழுத்தினால் 'ஙொய்ங்' என்று சுற்றுகிறது, என்ஜின் அசையவே இல்லை. புதுப் பொருளே பழுதா? வாசலில் முழங்கால் அளவு பனி. விரைவாகச் சொல்லுங்கள்.

மறைதிருகி: என்ன என்ஜின்? ஸ்டார்ட்டர் வீட்டு மின்சாரத்தில் ஓடுவதா, 12 வோல்ட் பேட்டரியா? கயிற்றை இழுத்தால் கிளம்புகிறதா? எதையும் சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

நீளக்கம்பி: எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். மெல்லிய வயரை நெடுந்தூரம் இழுத்தால் மின்னழுத்தம் குறையும். மோட்டார் சட்டென்று வேகம் எடுக்காது, பினியனும் முன்னே தாவாது.

பழைய பட்டறை: இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. பினியன் என்கிற சிறு பல்சக்கரம் தண்டில் திருகுப் புரியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்டு திடீரென்று சுழன்றால் பினியன் தன் கனத்தால் பின்தங்கும், அப்படியே புரியில் ஏறி, என்ஜினோடு சுழலும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பற்களைப் போய்க் கடிக்கும். உங்களுடையது ஏறவில்லை. இதுகூடத் தெரியாமல் ஸ்பேனரை எடுக்கலாமா?

நீளக்கம்பி: அதைத்தானே நானும் சொன்னேன்?

பழைய பட்டறை: நீங்கள் சொன்னது வயரை.

பல்லாண்டு: என் சந்தேகம் ஃப்ளைவீல் மேல்தான். என்ஜின் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும், அந்த இடத்துப் பற்கள்தான் முதலில் தேயும். கயிற்றை மெல்ல இழுத்துக் கால் சுற்று நகர்த்திவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

கயிறிழுப்பான்: மன்னிக்கவும். வீட்டு மின்சாரம்தான். கயிற்றில் கிளம்புகிறது, தோள்தான் கழன்றுவிடும் போலிருக்கிறது. நகர்த்தியும் பார்த்தேன், அதே சத்தம். கரகரப்பு எதுவும் இல்லை. மாட்டும்முன் பினியனுக்கு நிறையக் கிரீஸ் பூசினேன், ஆகவே அங்கே குறை இருக்காது.

மறைதிருகி: அங்கேதான் ஐயா குறை! இந்தக் குளிரில் கிரீஸ் மெழுகாக இறுகிவிடும். மின்சார பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றி ஓரமாக வையுங்கள், பிறகு ஸ்டார்ட்டரை இறக்குங்கள். பினியனை விரலால் திருகினால் வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும், விட்டதும் ஸ்பிரிங் இறக்கிவிட வேண்டும். புரியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கிராஃபைட் தூள் போடுங்கள், போதும். சோதிக்கும்போது பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும்.

பழைய பட்டறை: வெறும் தூளா? ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். குளிர் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசலாம்.

மறைதிருகி: மெல்லிய படலம் என்று சொன்னால் அள்ளி அப்புகிறார்கள். கண்ணெதிரே பார்த்தோமே.

பழைய பட்டறை: அப்புகிறவரைத் திருத்துங்கள், கிரீஸைக் குறை சொல்லாதீர்கள்.

பல்லாண்டு: கயிற்றில் கிளம்புகிற என்ஜினுக்கு ஸ்டார்ட்டர் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை.

மறைதிருகி: உங்களுக்கு இன்னும் தோள் இருக்கிறது. வாழ்க.

கயிறிழுப்பான்: துடைத்தேன், பிடித்துக்கொண்டது. பனி அள்ளப் போகிறேன். நன்றி.

நீளக்கம்பி: நல்லது. எந்த வயரில் ஓட்டினீர்கள்?

நீளக்கம்பி: ஐயா?