ஆராதனையில் பெரியவர்கள் பாடுவதில்லை: என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உசிலம்பட்டி பக்கம் ஒரு சின்ன சபையில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். யமஹா பிஎஸ்ஆர் இ373. ஜூனில் இது வந்ததிலிருந்து வயதான அம்மாமார் கீர்த்தனை பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். முன்வரிசைப் பாட்டி ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுப்பார், விரலால் அட்டையில் தாளம் போடுவார், வாய் மட்டும் திறக்காது. வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. சபையே சேர்ந்து பாடுவதுதானே ஆராதனை?

சுருதியை ஆறு கட்டையிலிருந்து, அதை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டு அரைச்சுரம் குறைத்து, ஐந்து கட்டைக்குக் கொண்டுவந்தேன். ரிதமை அணைத்தேன். அப்புறம் பெரிய எழுத்தில் அச்சடித்தும் கொடுத்தேன். பலனில்லை.

உங்கள் சபையில் கீர்த்தனையை எந்தச் சுருதியில், யார் எடுத்துக்கொடுக்கிறார்கள்?