கிளாஷில் சுற்று வடிவமைத்த அனுபவங்கள்

(ஒருவர் எழுத, மற்றவர்கள் தொடர்ந்தவை; கடைசியில் முதலில் எழுதியவரின் பதில்.)

மின்னணுச் சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் பல வருடம் எழுதியவன் நான். ட்வென்டே பல்கலைக்கழகத்தில் பிறந்த கிளாஷ், ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதியதை வெரிலாக்காகவோ அதைப் போன்ற விஎச்டிஎல்லாகவோ மாற்றித் தரும் என்று அறிந்ததும் ஒரு சின்ன ஃபில்டரை அதில் எழுதிப் பார்த்தேன். கடைசிப் படி, எட்டு எண்களைக் கூட்டுவது. கைப்பழக்கத்தில், பூஜ்யத்தில் தொடங்கி இடமிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் 'ஃபோல்ட்எல்' (foldl) போட்டேன். சிமுலேஷனில் விடை சரி. வேண்டிய சுற்றாக அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்பான எஃப்பிஜிஏவுக்குக் கொண்டுபோனால் டைமிங் தேறவில்லை, அதாவது கிளாக்கின் ஒரு துடிப்புக்குள் விடை வந்து சேரவில்லை. அறிக்கையில் மிக நீளமான பாதையைப் பின்தொடர்ந்து போனால், ஏழு கூட்டிகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றின் விடைக்காக அடுத்தது காத்துக்கொண்டு. 'ஃபோல்ட்' என்று மாற்றினேன். போனது 'எல்'லும் தொடக்கப் பூஜ்யமும்தான். அதே ஏழு கூட்டிகள் மூன்றடுக்கு மரமாக அமைந்தன, டைமிங்கும் தேறிவிட்டது.

நான் எழுதும் நிரலின் அமைப்பே கம்பிகளின் அமைப்பு என்று அன்றுதான் உறைத்தது. வெரிலாக்கில் ஒருநாளும் இப்படிக் கண்ணெதிரே தெரிந்ததில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 8 பிட் எண்கள் எட்டைக் கூட்டினால் 2040 வரை போகும், 11 பிட் வேண்டும். சாதாரணக் கூட்டல் குறியோ 8 பிட்டிலேயே சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். டைப் (மதிப்பின் வகை) இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது, நாம்தான் முதலிலேயே அகலப்படுத்த வேண்டும்.

*

எனக்குப் பிடித்தது கிளாக் விஷயம். முன்பு வெரிலாக்கில், இரண்டு கிளாக்குகளுக்கு நடுவே ஒரு சிக்னலை சிங்க்ரனைசர் (ஒரு கிளாக்கின் சிக்னலை இன்னொன்றுக்குப் பத்திரமாகக் கடத்தும் சிறு சுற்று) இல்லாமல் இழுத்துவிட்டேன். சிமுலேஷனில் எதுவும் தெரியவில்லை. போர்டில் மட்டும் எப்போதாவது ஒரு தப்பான மதிப்பு வரும். மூன்று வாரம் தூக்கம் போயிற்று. கிளாஷில் சிக்னலின் டைப்பிலேயே அதன் கிளாக் டொமைன், அதாவது அது எந்தக் கிளாக்கைச் சேர்ந்தது என்பது, இருக்கிறது. வெவ்வேறு டொமைன்களைக் கலந்தால் கம்பைலரே நிறுத்திவிடும். இந்த ஒன்றுக்காகவே கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

*

தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் எழுதி மாட்டிக்கொண்டேன். ஹாஸ்கெலில் அழகாக ஓடியது, சுற்றாக மாறவில்லை. எத்தனை படி என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால் எத்தனை கூட்டிகளை வைப்பது? நீளம் டைப்பிலேயே உள்ள வெக்டருக்கு (மதிப்புகளின் வரிசைக்கு) மாறியதும் சரியானது.

அப்புறம், முதலில் எழுதியவருக்கு: மரத்தின் அடுக்குகளுக்கு நடுவே ரெஜிஸ்டர் (மதிப்பை ஒரு கிளாக் சைக்கிள் பிடித்துவைப்பது) வைத்தீர்களா? வைத்தால் உடன்வரும், மதிப்பு செல்லுபடியா என்று சொல்லும் வேலிட் சிக்னலையும் அதே அளவு தாமதிக்க வேண்டும். கிளாஷில் உள்ள 'டிசிக்னல்' (DSignal) எத்தனை சைக்கிள் தாமதம் என்பதை டைப்பிலேயே எண்ணிக்கொள்ளும்.

*

இன்னும் வைக்கவில்லை. வேலிட்டைத் தவறவிடுவேன் என்றுதான் தள்ளிப்போட்டேன். இன்றிரவே 'டிசிக்னல்' போட்டுப் பார்க்கிறேன்.