ஐஸ் ஹாக்கியில் அந்த அடிதடி ஆட்கள் எங்கே போனார்கள்?

தினா, தண்டையார்பேட்டை:

எல்லாருக்கும் வணக்கம். ஹார்பரில் எனக்கு நைட் ஷிஃப்ட். விடியற்காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் உடனே தூக்கம் வராது. அந்த நேரத்தில்தான் அங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் என்.எச்.எல் (அங்கத்திய பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) மேட்ச் நடக்கும். ஸ்கார்பரோவில் இருக்கிற சித்தி பையன் பழக்கிவிட்டான், இப்போது விட முடியவில்லை.

யூடியூபில் 80கள், 90களின் மேட்ச்களைப் பார்த்தால் வாட்டசாட்டமான இரண்டு பேர் கிளவுசைக் கழற்றி ஐஸில் வீசிவிட்டு, ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு முகத்திலேயே குத்துகிறார்கள். லைன்ஸ்மேன் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருத்தன் கீழே விழுந்த பிறகுதான் விலக்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த சீசனில் நான் பார்த்த மேட்ச்களில் அதெல்லாம் ரொம்பக் குறைவு. அதற்கென்றே வைத்திருந்த ஆட்களையும் காணோம்.

சித்தி பையனின் மாமனார், "அவங்க போனதால்தான் ஸ்டார் பிளேயருக்குப் பாதுகாப்பே இல்லாமல் போச்சு" என்று சொல்கிறாராம். உண்மையா? எதனால் போனார்கள்?


குமார், எண்ணூர்:

ரூல்தான் தலைவா. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு சண்டை போட்டால் ஆளுக்கு 5 நிமிஷம் பெனால்டி பாக்ஸில் (தண்டனைக் கூண்டில்) உட்கார வேண்டும், ஆனால் இரண்டு டீமும் மாற்று ஆளை இறக்கலாம். ஆட்டம் ஐந்துக்கு ஐந்தாகவே நடக்கும், எந்த டீமுக்கும் நஷ்டமில்லை. 1992இல், வலியப் போய்ச் சண்டையை ஆரம்பிக்கிறவனுக்கு மட்டும் கூடுதல் தண்டனை என்று கொண்டுவந்தார்கள். அவன் டீம் ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும். அதோடு கதை முடிந்தது.


பழைய ஸ்டாப்பர், வியாசர்பாடி:

குமார் தம்பி, கதை அங்கே முடியலை. 1992க்கு அப்புறமும் பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஆட்களுக்கு வேலை இருந்தது, நல்ல சம்பளமும் இருந்தது. ரூல் கொஞ்சம் இறுக்கியது, அவ்வளவுதான்.

முதலில் அவர்களை எதற்கு வைத்திருந்தார்கள் என்று பார்ப்போம். ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் 1974, 1975 இரண்டு வருஷமும் லீகின் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது எதிராளியைப் பயமுறுத்தியே என்று சொல்வார்கள். அந்த டீமின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 சீசனில் மட்டும் 472 நிமிஷம் பெனால்டி வாங்கினார். இன்னும் யாரும் முறியடிக்காத சாதனை. (சாதனை என்று சொல்வதா என்ன சொல்வதா, தெரியலை.) அப்புறம் எட்மன்டனில் ஸ்டார் பிளேயர் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு டேவ் செமென்கோ, மார்ட்டி மெக்சோர்லி என்று காவல். 1988இல் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலசுக்கு விற்றபோது மெக்சோர்லியும் கூடவே போனார். தினா, அந்த மாமனார் சொல்கிற பாதுகாப்பு இதுதான்.

நான் முல்லை நகர் கிரவுண்டில் பந்து ஆடி வளர்ந்தவன். செவன்ஸ் ஃபுட்பால் டோர்னமென்டுக்கு என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கே தெரியும். எதிர் டீமில் வேகமான விங்கர் இருந்தால், ஆரம்பத்திலேயே அவன் கணுக்காலைக் கவனிக்க வேண்டும். டீமை நடத்தியவர் மேட்ச் முடிந்ததும் என்னைத் தனியாக ஓரம் கட்டி, நாலாக மடித்த நோட்டைப் பாக்கெட்டில் திணித்து, "போய் பிரியாணி சாப்பிடுடா" என்பார். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவே போகும். முட்டி வீங்கி நான் படுத்துக் கிடந்தபோது அந்த ஆள் எட்டிக்கூடப் பார்க்கலை. அதனால் இந்த ஐஸ் ஹாக்கிக்காரர்களை ரவுடி என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வராது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2004-05 சீசன் முழுக்க லாக்அவுட் (கதவடைப்பு), ஒரு மேட்ச்கூட நடக்கலை. திரும்பி வந்தபோது இரண்டு பெரிய மாற்றம். நடுக்கோட்டைத் தாண்டி நீளமாக பாஸ் கொடுக்கலாம் என்றார்கள். கம்பால் இழுப்பது, கையால் பிடித்து நிறுத்துவது எல்லாவற்றுக்கும் ரெஃப்ரி விசில் ஊத ஆரம்பித்தார். ஆட்டம் பறந்தது. இரண்டாவது, சம்பளத்துக்கு உச்சவரம்பு: முதல் வருஷம் ஒரு டீமுக்கு மொத்தமே 3.9 கோடி டாலர்.

இப்போது கணக்குப் போடுங்கள். மேட்சுக்கு கோல்கீப்பர் போக 18 பேர்தான் இறங்கலாம். ஃபார்வர்ட் 12 பேர், மூன்று மூன்றாக நாலு லைன். ஒருத்தரும் தொடர்ந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் ஐஸில் நிற்க மாட்டார்கள், மூச்சு வாங்கும், மாறிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒருத்தன் மேட்ச் முழுக்கச் சேர்த்தே நாலைந்து நிமிஷம் மட்டும் ஆடிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தால், மீதி 11 பேர் அவன் ஓட்டத்தையும் சேர்த்து ஓட வேண்டும். கடைசி பீரியடில், அதாவது ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில், கால் வராது. கோச்சுகள் மனசு மாறி அகிம்சைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நாலாவது லைனிலும் ஸ்கேட்டிங் தெரிந்த பையன் வேண்டியிருந்தது, அடிதடி ஆளுக்கு இடமில்லை.

அதற்கு நடுவில்தான் 2011 மே மாசம் அந்த அடிதடி ஆட்களில் ஒருத்தரான டெரெக் பூகார்ட் இறந்தார். 28 வயசு, ஆறடி ஏழங்குலம். 277 மேட்ச் ஆடி மொத்தம் 3 கோல். முந்தின டிசம்பரில் ஒட்டாவாவில் ஒரு சண்டையில் தலையில் அடி, அப்புறம் ஐஸில் இறங்கவே இல்லை. வலி மாத்திரையும் சாராயமும் சேர்ந்து உயிரை வாங்கியது. பாஸ்டனில் மூளையை ஆராய்ந்தபோது, தலையில் அடிமேல் அடி வாங்கியவர்களுக்கு வருகிற சி.டி.இ என்ற மூளை நோய் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் 45 வயசில் போன பாப் புரோபர்ட்டுக்கும் அதேதான். புரோபர்ட் குத்துகிற வீடியோவைக் கோடிக்கணக்கான பேர் கைதட்டிப் பார்த்திருக்கிறோம், நான் உட்பட.


ரேவதி, ராயபுரம்:

ஸ்டாப்பர் அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: சி.டி.இ-யை இப்போதைக்கு இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஸ்கேன் எடுத்து "உனக்கு இருக்கு, நிறுத்து" என்று சொல்ல வழியில்லை.

இந்தப் "பாதுகாப்பு" வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2004 பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் நாஸ்லுண்டை மோதித் தலையில் அடிபட வைத்தார். மார்ச் 8ஆம் தேதி மறுபடி இரண்டு டீமும் மோதியபோது, மூர் கூப்பிட்டவனோடு முதல் பீரியடிலேயே சண்டை போட்டார். அவர்கள் பேசுகிற நியாயப்படி கணக்கு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. வான்கூவரின் பெர்டூசி, மூரைப் பின்னாலிருந்து குத்தி, தலை ஐஸில் மோத மேலே விழுந்தார். கழுத்தெலும்பு மூன்று முறிந்தது. மூர் திரும்ப ஆடவே இல்லை. பெர்டூசி அடியாளும் கிடையாது, கோல் போடுகிற ஸ்டார். பழிக்குப் பழி என்று ஓர் இடத்தில் அனுமதித்தால் அது எந்த இடத்தில் நிற்கும் என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

இன்னொன்று, சண்டை ஒழியவில்லை தினா. 2025 பிப்ரவரி 15 அன்று மான்ட்ரியலில் அமெரிக்கா-கனடா மேட்சில் முதல் 9 விநாடிக்குள் மூன்று சண்டை. போட்டவர்களில் தக்காச்சுக் சகோதரர்கள் இரண்டு பேரும் உண்டு, இரண்டு பேரும் கோல் போடுகிறவர்கள். கியூபெக் ஜூனியர் லீகில் 2023 முதல் சண்டை போட்டால் அந்த மேட்சை விட்டே வெளியேற்றுகிறார்கள். பெரிய லீகுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை, டிக்கெட் விற்க வேண்டுமே.


தினா, தண்டையார்பேட்டை:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அப்போ நியூயார்க் ரேஞ்சர்ஸின் மேட் ரெம்பே? அவன் அந்தப் பழைய வகைதானே?


பழைய ஸ்டாப்பர், வியாசர்பாடி:

ஆறரை அடிக்கு மேல் உயரம், 2024 பிப்ரவரியில் முதல் மேட்சில் முதல் தடவை ஐஸில் இறங்கியதுமே சண்டை. பார்க்க அந்த வகைதான். ஸ்டேடியமே பெயரைச் சொல்லிக் கத்தியது. எனக்கு அந்தப் பையனைப் பார்த்தால் பயம்தான், முகத்தில் வாங்கிக்கொண்டு சிரிக்கிறான்.

ஆனால் அவன் டீமில் நிலைக்கணும் என்றால் ஸ்கேட்டிங் தேறணும். ரேவதி சொன்னது சரி, நான் மறுக்கலை. நீ ஒன்று செய் தினா. அடுத்த முறை ரேஞ்சர்ஸ் மேட்ச் முடிந்ததும், யார் எத்தனை நிமிஷம் ஐஸில் இருந்தார் என்ற பட்டியல் வரும், அதில் அவன் பெயருக்கு நேரே பார். ஐந்து நிமிஷம் என்று இருந்தால் அவன் வேலை ஆட்டம் கண்டிருக்கு. பத்தைத் தாண்டினால் அவன் பிளேயர் ஆகிவிட்டான்.