ஆறு பாட்டில் 270 பவுண்டு, சரக்கு இன்னும் பீப்பாயில்: விலை நியாயமா?

ஹாரோ அப்பா

லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறேன். ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சனிக்கிழமை ராத்திரி ஆட்டுக்கறிக் குழம்போடு ஒரு கிளாஸ் என்ற அளவுதான். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் போன செப்டம்பரில், 2023இல் பிறந்தாள். அவள் பிறந்த வாரத்தில் பிரான்சில் போர்தோவில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு 2023 ஒயின் ஒரு பெட்டி எடுத்து வைத்தால் என்ன என்று அன்றைக்கே மனதில் விழுந்தது, இன்னும் போகவில்லை. 2041 வரை வைத்திருக்க வேண்டும்.

ஒரு ஒயின் வியாபாரியிடம் பெயர் கொடுத்தேன். இப்போது தினமும் மூன்று மெயில் வருகிறது. நேற்று வந்தது இது: செயின்ட் ஜூலியன் ஊர், 1855ஆம் ஆண்டுத் தரப் பட்டியலில் உள்ள ஒரு ஷாத்தோ, அதாவது ஒயின் பண்ணை (பெயரைச் சொன்னால் பேச்சு ருசியின் பக்கம் போய்விடும், வேண்டாம்). ஆறு பாட்டில் 270 பவுண்டு, 'இன் பாண்ட்'. போன ஆண்டு 2022 ஒயின் 390க்கு வெளியானதாம். ஆக 'முப்பது சதவீதத்துக்கு மேல் குறைவு, விமர்சகர் 94-96 புள்ளி, கையிருப்பு கொஞ்சம், இன்று மாலை 5 மணிக்குள்'. பணம் இப்போது 2024இல், ஒயின் 2026இல்.

நான் மாலை 5 மணியைத் தவறவிட்டுவிட்டேன். இன்று காலையும் அதே பெட்டி அதே விலையில் இருக்கிறது. அதனால்தான் கேட்கத் தோன்றியது. இன்னும் பாட்டிலிலேயே ஏறாத சரக்குக்கு 270 நியாயமா என்று எதை வைத்துச் சொல்வது?

பழைய பெட்டி

தம்பி, மே, ஜூனில் வருகிற எல்லா மெயிலுக்கும் ஒரு மாலை 5 மணி உண்டு. 2009 முதல் இந்த மெயில்களை வாங்கிக்கொண்டிருக்கிறேன். 'தீர்ந்துவிடும்' என்று சொன்ன பெட்டிகளில் பாதியை மூன்று ஆண்டு கழித்து அதே கடையில் அதே விலையில் பார்த்திருக்கிறேன்.

'இன் பாண்ட்' என்றால் வரி கட்டாமல் கிடங்கில் இருக்கும்போது உள்ள விலை. வெளியே எடுக்கிற அன்றைக்கு மதுவரியும் வாட்டும் சேரும். இந்த 2024 கணக்கில் பாட்டிலுக்கு 2.67 பவுண்டு மதுவரி, ஆறுக்கு 16. அதையும் சேர்த்து மொத்தத்தின் மேல் 20 சதவீதம் வாட். உன் 270 சாப்பாட்டு மேசைக்கு வரும்போது 343. அதற்குமேல் கிடங்கு வாடகை. என் பில்லில் பன்னிரண்டு பாட்டில் பெட்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு போகிறது. உனக்கு அதில் பாதி என்று வைத்தாலும் 2041 வரை நூறைத் தாண்டும்.

இப்போது விலை. போன ஆண்டைவிட முப்பது சதவீதம் குறைவு என்பது ஆடித் தள்ளுபடி போர்டு மாதிரி. 390 யார் போட்ட விலை? அவர்களேதான். போர்தோவின் பெரிய பெயரான லஃபீத்கூட இந்த ஆண்டு நெகோசியான் (போர்தோ மொத்த வியாபாரி) விலையை 422 யூரோவிலிருந்து 288க்கு இறக்கியது. எல்லோரும் 'அடடா' என்றார்கள். 422 அதிகம் என்று போன ஆண்டே சந்தை சொல்லிவிட்டது என்பதைத்தான் அந்த 288 ஒப்புக்கொள்கிறது.

நான் செய்வது இதுதான். புது ஒயினின் புள்ளியையும் தள்ளுபடியையும் கையால் மறைத்துக்கொண்டு, அதே ஷாத்தோவின் பழைய ஆண்டுகள் இன்றைக்குக் கிடங்கில் என்ன விலைக்குக் கிடக்கின்றன என்று மட்டும் பார்ப்பேன். நீ பெயர் சொல்லாவிட்டாலும் விலையை வைத்து ஊகித்துத் தேடினேன். ஆறு பாட்டில் 2019 சுமார் 300, 2020 சுமார் 285, 2014 சுமார் 275. எல்லாம் பாட்டிலில் அடைத்து, லண்டனுக்கு வந்து சேர்ந்தவை. 2014ஐ இந்தத் தீபாவளிக்கே திறக்கலாம்.

நீ இன்று கொடுக்கிற 270 இரண்டு ஆண்டு வங்கியில் 5 சதவீதத்தில் கிடந்தால் 298 ஆகும். அதாவது 2023 கையில் வரும்போது உனக்கு ஆகிற உண்மையான அடக்க விலை 298. நல்ல ஆண்டு என்று பெயர் வாங்கிய, பாட்டிலில் உள்ள 2020 இன்றே 285. பீப்பாயில் இருக்கிற சரக்குக்கு அதைவிட அதிகம் கொடுப்பதா? திருப்பிப் போடு: இரண்டு ஆண்டு வட்டியோடு 285 ஆக வேண்டுமென்றால் இன்று கொடுக்க வேண்டியது 258 சொச்சம். வழியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதற்குப் பத்து சதவீதம் கழித்தால் 233. அதற்குமேல் நான் தொடமாட்டேன்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்தது. 2008இல் ஹாங்காங் ஒயின் வரியை எடுத்த பிறகு சீனாவிலிருந்து வாங்க ஆள் குவிந்தார்கள். 2010 ஒயின் வந்தபோது லஃபீத் பன்னிரண்டு பாட்டில் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். நமக்கு அந்த ஷாத்தோவெல்லாம் எட்டாது. 2011 ஜூனில் லஃபீத் இருக்கிற அதே போயாக் ஊரிலிருந்து வேறொரு 2010 ஒயின், பன்னிரண்டு பாட்டில் 1,150 கொடுத்து வாங்கினேன். 2014இல் அது 820. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்து 2019இல் 1,120க்கு விற்றேன். கமிஷன் 112, ஆறு வருட வாடகை 90. கைக்கு வந்தது 918. எட்டு ஆண்டு கழித்து 232 பவுண்டு நஷ்டம், அதில் ஒரு சொட்டு குடிக்கவும் இல்லை. ஒயின் மோசமில்லை, 2010 அருமையான ஆண்டு. நான் கொடுத்த விலைதான் மோசம்.

பீப்பாய்ப் பிரியன்

பழைய பெட்டி ஐயா சொல்வதைக் கேட்டால் யாருமே முன்கூட்டி வாங்க மாட்டார்கள். 2020இல் கோவிட் நடுவில் 2019 ஒயின் வந்தது. போர்தோவுக்கு யாரும் போக முடியவில்லை, மாதிரி பாட்டில்கள் கூரியரில் போயின. பொந்தே-கனே என்ற ஷாத்தோ முதலில் இறங்கி பாட்டிலுக்கு 58 யூரோ போட்டது, முந்தைய ஆண்டைவிட 31 சதவீதம் குறைவு. அப்போது வாங்கியவர்கள் யாரும் அழவில்லை. நானும் ஒரு பெட்டி வாங்கினேன், இன்றைய சந்தையிலும் எனக்கு லாபம்தான். 1982ஐ 1983இல் முன்கூட்டி வாங்கியவர்களுக்கு எவ்வளவு லாபம் என்பது உங்களுக்கே தெரியும். ராபர்ட் பார்க்கர் என்ற விமர்சகரின் பெயரே அந்த ஆண்டைப் புகழ்ந்ததால்தான் நிலைத்தது.

பழைய பெட்டி

நான் வாங்காதே என்று சொல்லவில்லையே. அந்த 2019 பொந்தே-கனே நானும் வாங்கினேன். பழைய ஆண்டுகள் எல்லாமே 58க்கு மேலே கிடந்தன, அதனால் வாங்கினேன். 31 சதவீதத்துக்காக இல்லை.

புள்ளியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். விமர்சகர் ருசி பார்க்கிறது ஏப்ரலில், அப்போது ஒயினுக்கு ஆறு மாத வயது. கருஞ்சிவப்பாக, நாக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அது இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் பீப்பாயில் கிடக்கப் போகிறது. 94-96 என்று இடைவெளி விட்டு எழுதுவதே அதனால்தான். மெயிலில் எப்போதும் 96 தான் தடித்த எழுத்தில் இருக்கும். நீ 94 என்று வாசித்துக்கொள்.

கிடங்கு அக்கா

நான் போர்தோவுக்கு வடக்கே ப்ளாங்க்ஃபோரில் ஒரு நெகோசியானின் கிடங்கில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். விலை எப்படிப் பிறக்கிறது என்று இங்கிருந்து பார்த்தால் தெரியும்.

ஷாத்தோ நேரடியாகக் கடைக்கு விற்பதில்லை. நடுவில் கூர்த்தியே என்ற தரகர், அவருக்கு 2 சதவீதம். அப்புறம் நெகோசியான், அதாவது எங்கள் முதலாளி மாதிரி ஆட்கள். அங்கிருந்துதான் லண்டன் கடைக்குப் போகும். காலையில் தரகர் போன் பண்ணுவார்: 'விலை இவ்வளவு, உங்களுக்கு இத்தனை பெட்டி'. விலை அதிகம் என்று தெரிந்தாலும் முதலாளி பெரும்பாலும் 'சரி' என்பார். வேண்டாம் என்றால் நல்ல ஆண்டு வரும்போது ஒதுக்கீடு குறைந்துவிடும் என்ற பயம். அதனால் 'வெளியான அன்றே முழுவதும் விற்றுத் தீர்ந்தது' என்று செய்தி வந்தால் நம்பாதீர்கள், தம்பி. ஷாத்தோவிடமிருந்து எங்களிடம் வந்தது, அவ்வளவுதான். விற்றது என்றால் யாரோ குடிப்பதற்கு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

போன வாரம் கணக்கெடுப்பு. ஃபோர்க்லிஃப்ட்டில் மேல் தட்டிலிருந்து 2017 மரப்பெட்டிகளை இறக்கினோம். ஏப்ரல் உறைபனியில் கொடி கருகிய ஆண்டு அது. விளைச்சல் குறைவு என்று சொல்லி விலையை அதிகம் இறக்காமல் வெளியிட்டார்கள். பெட்டி மேலே தூசு விரலால் பெயர் எழுதுகிற அளவுக்கு. அவை என்றைக்காவது இன்றைய விலைக்குக் கீழேதான் உங்கள் ஊருக்கு வரும். முதலாளிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது, அவர் எத்தனை நாள் பிடித்து வைப்பார்?

லாத்தூர் என்ற பெரிய ஷாத்தோ 2012இலேயே இந்த முன்விற்பனை வேண்டாம் என்று விலகிவிட்டது. 2011 ஒயின்தான் அவர்கள் இப்படி விற்ற கடைசி. இப்போது குடிக்கிற பக்குவம் வந்த பிறகு வெளியே விடுகிறார்கள். காத்திருப்பதில் லாபம் இருக்கிறது என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள், அந்த லாபத்தை ஏன் உங்களுக்குக் கொடுப்பார்கள்?

சீட்டுக் கட்டியவன்

விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். பணம் யார் கையில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஆனது: ஒரு வியாபாரியிடம் இரண்டு பெட்டிக்கு முன்பணம் முழுவதும் கட்டினேன். பெயர் வேண்டாம், கடையே இப்போது இல்லை. ஒயின் வரவேண்டிய ஆண்டில் கடை திவால். அவர் போர்தோவுக்குப் பணமே அனுப்பியிருக்கவில்லை. வரிசையில் கடைசி ஆள் நான். சீட்டு நடத்துகிறவர் ஊரைவிட்டுப் போனால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

விலை பத்து பவுண்டு குறைவு என்று புதுக் கடைக்குப் போகாதீர்கள். கட்டுகிறதை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், நூறு பவுண்டுக்கு மேல் என்றால் பிரிட்டனில் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. அவர்கள் நெகோசியானிடம் வாங்கியதற்கு உறுதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஹாரோ அப்பா

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன தூசுப் பெட்டிதான் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு சிக்கல். எனக்கு 2020 வேண்டாம், 2014ம் வேண்டாம். மகள் பிறந்தது 2023. அப்படியென்றால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டா?

பழைய பெட்டி

உண்டு. 2023 இன்றைக்கு மட்டும் விற்கிற சாமான் இல்லை. 2026இலும் 2028இலும் கிடைக்கும், அக்காவின் கிடங்கிலேயே கிடக்கும். அன்றைக்கு அது என்ன விலைக்கு இருக்கும் என்பதற்கு 2020 இன்று இருக்கிற விலைதான் உன்னிடம் உள்ள ஒரே துப்பு.

ஆனால் ஒன்று. பதினெட்டு ஆண்டு வைக்கப் போகிறாய், பிறந்தநாளுக்கு நாலு பேர் இருப்பார்கள். மேக்னம் கேட்டாயா? இரண்டு பாட்டில் அளவு ஒரே பாட்டிலில். மெதுவாகப் பக்குவப்படும். இப்போது சொல்லிவைத்தால் அந்த அளவில் அடைத்துத் தருவார்கள், கொஞ்சம் அதிகம் கேட்பார்கள். பின்னால் தேடினால் சாதாரண பாட்டில் மாதிரி எளிதாகக் கிடைக்காது. முன்கூட்டி வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான காரணம் அதுதான்.

ஹாரோ அப்பா

கேட்டேன். மூன்று மேக்னம், மரப்பெட்டியில், 282 பவுண்டு. அதே ஷாத்தோவின் பழைய மேக்னம் தேடினேன். மூன்றாக 2019 மட்டும் ஒரே ஓர் இடத்தில், 345. உங்கள் கணக்கையே போட்டேன் அண்ணா: இரண்டு ஆண்டு வட்டியைக் கழித்தால் 313, அதில் பத்து சதவீதம் போனால் 281 சொச்சம்.

பழைய பெட்டி

345 என்பது ஒருவர் கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. அதை மறக்காதே. மற்றபடி என் கணக்கில் ஒரு பவுண்டுக்குள் வந்துவிட்டாய், நான் வாயைத் திறக்க முடியாது.

ஹாரோ அப்பா

ஆர்டர் போட்டுவிட்டேன், மேக்னம் மட்டும். கார்டில்தான் கட்டினேன். நெகோசியானிடமிருந்து உறுதி வாங்கியாகிவிட்டது என்று மெயிலில் எழுதியும் வாங்கினேன். கிடங்குக் கணக்கு யார் பெயரில் என்று வீட்டில் இப்போது பஞ்சாயத்து. மனைவி மகள் பெயரில் என்கிறாள், எட்டு மாதக் குழந்தைக்கு மதுக் கணக்கு தரமாட்டார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிடங்கு அக்கா

உங்கள் பெயரிலேயே போடுங்கள். 2026இல் பெட்டி வந்ததும் கிடங்கு அதற்கு ரொட்டேஷன் எண் என்று ஓர் அடையாள எண் கொடுக்கும். வியாபாரி 'பத்திரமாக இருக்கிறது' என்று சொன்னால் போதாது, அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கிடங்குக்கே ஒரு போன் போட்டு, உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.