பிரிவென்டோரியம்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

காசநோய்த் தொற்று இருந்தும் நோய் வராத குழந்தைகளை, நோய் வருமுன் தங்கவைத்துப் பேணிய இல்லம்தான் பிரிவென்டோரியம். நாம் எழுதிவரும் கட்டுரையில் அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்தவை தடுப்பகம், சிறார் காசநோய் மருத்துவமனை, காப்பகம். மூன்றுமே எனக்குப் பொருந்தவில்லை. அந்த இடங்களில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கினால் சொல் தானாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1907-இல் வியன்னாவின் மருத்துவர் பிர்க்கே, டியூபர்குலினை (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சாறு) தோலில் இட்டுப் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே பிரான்ஸின் மருத்துவர் மாந்து அதைச் செம்மைப்படுத்தினார். இருமலோ காய்ச்சலோ இல்லாத, ஓடியாடும் குழந்தையின் உடலிலும் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறது என்று கையில் எழும் ஒரு தடிப்பை வைத்தே சொல்ல முடிந்தது. ஆனால் கொடுக்க மருந்து கிடையாது. காசநோய்க்கான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில்தான். சரி, மருந்து இல்லாவிட்டால் என்ன செய்வது? நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து குழந்தையை வெளியே கொண்டுபோய், உடம்பைத் தேற்றுவது. அமெரிக்காவில் 1909-இல் நியூ ஜெர்சியின் லேக்வுட்டில் இப்படி ஓர் இல்லம் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இவை அங்கும் பிரான்ஸிலும் பெருகின. பால், மீன் எண்ணெய், வெயில் குளியல், காற்றோட்டமான தாழ்வாரத்தில் தூக்கம், கட்டாய ஓய்வு, அப்புறம் எடை பார்ப்பது. பல மாதங்கள் இப்படிப் போகும். பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது.

இங்கே இருந்தவர்கள் நோயாளிகள் அல்லர். அதனால் 'மருத்துவமனை' பிழையே. நோயாளிகளுக்கானது சானடோரியம். 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியது அந்த வகை. அந்தச் சொல்லை நம் ஊர் ரயில் நிலையப் பெயராகவே வைத்துக்கொண்டது, அதை மாற்ற வேண்டாம்.

'தடுப்பகம்' என்றால் தடுப்புக் காவலும் தடுப்பு முகாமும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் குழந்தைகளின் பிரிவுத் துயரம் உண்மை, அதைக் கட்டுரையில் விரிவாகவே எழுத வேண்டும். ஆனால் கலைச்சொல்லே சிறை என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வெறும் 'காப்பகம்' என்றால் ஆதரவற்றோர் இல்லம் என்று படிப்பார்கள். இந்தக் குழந்தைகளுக்கோ வீடும் உறவும் இருந்தன.

என் பரிந்துரை முன்காப்பகம். வருமுன் காப்போம் என்று எல்லோரும் சொல்வதுதான், புதிதாக விளக்க வேண்டியதில்லை. முதல் முறை மட்டும் 'காசநோய் முன்காப்பகம்' என்று முழுதாக எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை. பாரிஸில் 1903-இல் மருத்துவர் கிராஞ்சே தொடங்கிய ஏற்பாட்டையும் இதே சொல்லில் அடக்க வேண்டாம். காசநோயாளிகளின் குழந்தைகளை, தொற்று ஏறும் முன்பே, நாட்டுப்புறத்து உழவர் குடும்பங்களில் வளரவிட்டார்கள். அங்கே இல்லமே கிடையாது, அதனால் 'அகம்' ஒட்டாது. 'ஊர்ப்புறக் குடும்ப வளர்ப்பு' போதும்.

இதே கட்டுரை வரைவில் "1921-இல் முதல் பிசிஜி தடுப்பூசி போடப்பட்டது" என்று இருக்கிறது. பிசிஜி என்பது காசநோய்க்கு எதிரான தடுப்பு மருந்து. இதையும் திருத்த வேண்டும். அதை உருவாக்கிய கால்மெட், கெரான் இருவரும் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி வளர்த்து வீரியம் குறைத்த கிருமியை, அதை முதலில் பெற்ற, பாரிஸில் பிறந்த குழந்தைக்கு வாய்வழியாகத்தான் கொடுத்தார்கள். ஊசியே இல்லை. 1930-இல் ஜெர்மனியின் லூபெக்கில் 70-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்ததும் வாய்வழி மருந்தால்தான். அங்கிருந்த ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது. 'ஊசி' என்று எழுதினால், விழுங்கிய மருந்தால் குடலிலும் கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் நோய் ஏன் கண்டது என்பது வாசகருக்குப் புரியாது. இந்தப் பகுதி முழுவதும் 'தடுப்பு மருந்து' என்றே வரட்டும்.

முன்காப்பகத்துக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, குழந்தை மருத்துவத்தில் இருப்பவர்கள் 'தொற்று மட்டும் உள்ள, நோய் இல்லாத' நிலைக்கு வகுப்பில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் வரையறையை எழுதிவிடலாம். 'உறைதொற்று', 'மறைதொற்று' இரண்டில் நான் இரண்டாவதன் பக்கம்.