புதுப்பிப்பு: உபஹார் தீ விபத்து இழப்பீடு

டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த வழக்கைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இறந்தவர் 20 வயதைக் கடந்தவரென்றால் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு 18 லட்சம் ரூபாய், அதற்குக் குறைந்த வயதென்றால் 15 லட்சம் என்று சொல்லியிருந்தேன். அது 2003 உயர்நீதிமன்றத் தீர்ப்பு. 2011-ல் உச்சநீதிமன்றம் அதை 10 லட்சமாகவும் 7.5 லட்சமாகவும் குறைத்துவிட்டது. இதைச் சேர்க்காமல் விட்டது என் தவறு.

தொகையைவிட என்னை உறுத்துவது பொறுப்பைப் பிரித்த விதம். உச்சநீதிமன்றம் இழப்பீட்டில் திரையரங்குக்கு 85 விழுக்காடு, மின்வாரியத்துக்கு 15 என்று பிரித்தது. உயர்நீதிமன்றம் மாநகராட்சியையும் உரிமம் கொடுத்த காவல்துறையையும் கூடச் சேர்த்திருந்தது; உச்சநீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. தீப்பிடித்தது கீழ்த்தள டிரான்ஸ்பார்மரில்தான், சரி. ஆனால் பால்கனியில் இருந்தவர்கள் புகையில் சிக்கியதற்குக் காரணம், கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை அடைத்தது. அதற்கு அனுமதி கொடுத்தவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? எனக்கு இது ஒப்பவில்லை.

அப்புறம், 60 கோடி ரூபாய் என்னவென்று பலர் கேட்டிருந்தார்கள்: 2015-ல் குற்றவழக்கில் திரையரங்கு உரிமையாளர்கள் இருவருக்கும் சேர்த்து உச்சநீதிமன்றம் விதித்த அபராதம் அது. விபத்துக் காய சிகிச்சை மையம் கட்ட டெல்லி அரசிடம் செலுத்தச் சொன்னார்கள். குடும்பங்களுக்கான இழப்பீடு அல்ல.